யானை நடந்த வழியில் முளைக்கும் காடு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மதுரையில் வாழ்பவர்க்கு யானை புதிய விலங்கு அன்று. ஒத்தக்கடைப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் யானைமலை நம் கண்ணில் படுகிறது. கல் யானை கரும்பு தின்ற திருவிளையாடலைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கோயில் யானையின் துதிக்கையில் காசு வைத்துத் தலையில் ஆசியும் வாங்கியிருக்கிறோம். மலையாகவும் கல்லாகவும் சங்கிலிக்குள்ளும் இவ்வளவு பழகிய அந்த விலங்கு, காட்டில் நாள் முழுதும் என்னதான் செய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டு யானையைக் காண நாம் முதுமலைக்கோ தேக்கடிக்கோ போகத் தேவையில்லை. நம் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பேரையூர் வட்டத்துச் சாப்டூர் மலையடிவாரம் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுவோர் அறிந்த காடு அது. தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், வடக்கே வருசநாடு, மேகமலை, மேற்கே கேரளத்தின் பெரியாறு என்று அக்காடு இடைவிடாமல் நீள்கிறது. 1988-இல் நரை அணில்களுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயம் ஏற்பட்டது. அதையும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர். தமிழகத்தில் இது ஐந்தாவது, இந்தியாவில் 51-ஆவது. யானை, புலி, காட்டுமாடு, மிளா, செந்நாய், வரையாடு ஆகிய எல்லாம் உள்ள காடு.

அந்த அடிவாரத்து ஊர் ஒன்றுதான் என் ஊர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஆடு மேய்ப்பவர்; தாய்மாமன் மலைமாடு மேய்ப்பவர். ஆகவே வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் எழுதுவதை நான் எப்போதும் ஆட்டுக்குப் பின்னால் நடந்து கண்டவற்றோடு ஒட்டிப் பார்ப்பது வழக்கம். இக்கட்டுரையும் அவ்வகையில்தான் எழுதப்படுகிறது.

ஆட்டிலிருந்தே தொடங்குவோம். நம் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை எல்லாரும் அறிவர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் அதை வெட்டி அகற்ற ஆணையிட்டபோது ஊரெங்கும் அதே பேச்சாக இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த முள்மரம் இவ்வளவு பரவியது எப்படி? ஆட்டையும் மாட்டையும் கேட்க வேண்டும். நெற்றின் இனிப்புக்காக அவை காயை முழுதாகத் தின்கின்றன. உள்ளே இருக்கும் விதையின் தோல் கெட்டியானது. எளிதில் நீர் புகாது. குடல் வழியே போகும்போது அத்தோல் இளகுகிறது. பிறகு புழுக்கையோடும் சாணத்தோடும் வேறோர் இடத்தில் விழுகிறது. விதை, எரு, ஈரம் மூன்றும் ஒருங்கே கிடைத்தால் முளைக்கக் கேட்பானேன்? எங்கள் ஊரில் கிடை போட்ட நிலத்தில் மழைக்குப் பிறகு முதலில் தலை காட்டுவது சீமைக் கருவேலங் கன்றுதான். அப்பா அதைப் பிடுங்கிப் பிடுங்கியே முதுகு வளைந்தார்.

இதே தொழிலைத்தான் காட்டில் யானை செய்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. ஆடு அசைபோடும் விலங்கு. நான்கு அறை வயிறு. தின்றதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அரைக்கும். சிறிய, கெட்டியான விதைகள் தப்பும். மற்றவை அரைபட்டுப் போகும். யானைக்கு வயிறு ஒற்றை அறைதான். தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதற்குப் பின்குடலில் வாழ்கின்றன. ஆதலால் உணவு விரைந்து கடந்து போகிறது. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோ தின்றாலும் அதில் பாதிகூடச் செரிப்பதில்லை. செரிமானத்தைக் கொண்டு பார்த்தால் இது மிக ஊதாரியான விலங்கு எனலாம். ஆனால் அந்த ஊதாரித்தனத்தில்தான் காட்டின் பிழைப்பு இருக்கிறது.

அடிவாரத்து மாந்தோப்புகளில் பழக்காலத்தில் யானை இறங்குவது எங்கள் ஊருக்குப் பழகிய செய்தி. மறுநாள் காலையில் கிடக்கும் இலத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறேன். புல்லின் நார் நாராகப் பிரிந்த சக்கைக்கு நடுவே மாங்கொட்டை முழுதாக இருக்கும். புளியங்கொட்டை பளபளவென்று, கழுவி வைத்தது போலக் கிடக்கும். அதற்குள் சாணவண்டுகள் வந்து சேர்ந்திருக்கும். அவை உருண்டை பிடித்து மண்ணுக்குள் கொண்டுபோகும்போது சிறு விதைகளும் உடன் புதைகின்றன. கறையான் வரும், அதைத் தின்னக் கோழி வரும். இலங்கையின் தென்கிழக்குக் காடுகளில் யானை இலத்திக்குள் சிறு தவளைகள் குடியிருந்ததைக் கண்டு 2009-இல் ஓர் ஆய்வே வெளியாகியிருக்கிறது.

விதை தாய்மரத்தை விட்டு விலகிப் போவது ஏன் இவ்வளவு முக்கியம்? 1970-இல் டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க அறிஞரும், மறு ஆண்டில் ஜோசப் கான்னெல் என்பவரும் தனித்தனியே ஒரு கருத்தைச் சொன்னார்கள். ஒரு மரத்தின் விதையையும் கன்றையும் தின்னும் பூச்சிகளும், தாக்கும் பூஞ்சைகளும் அம்மரத்தடியிலேயே மிகுதியாக இருக்கும். ஆகவே தாயின் நிழலில் விழுந்த பிள்ளை பிழைப்பது அரிது. எட்டப் போனதே வளரும் என்பது அவர்கள் கூற்று. சிறு பழமானால் குயில் போன்ற பறவைகள் கொண்டுபோய்விடும். பெரிய கொட்டையை விழுங்கி, இரண்டு மூன்று நாள் வயிற்றில் சுமந்து, மைல்கணக்கில் நடந்து இறக்கி வைக்கும் வாயும் வயிறும் காட்டில் எத்தனை விலங்குக்கு உண்டு?

இவ்விடத்தில் ஓர் இடைச்செருகல். “வேழம் உண்ட விளாங்கனி” என்று நாம் சொல்லும் வழக்குக்கு, யானையின் வயிற்றில் போன விளாம்பழம் ஓடு உடையாமல் உள்ளே சதையில்லாமல் வெளிவரும் என்று ஊரில் பொருள் சொல்வார்கள். அங்கே வேழம் என்பது பழத்தைத் தாக்கும் ஒரு நோயின் பெயர் என்று தமிழ்த்துறையினர் விளக்குவதுண்டு. நோய் என்பதே சரியாக இருக்கட்டும். யானை விளாம்பழத்தை விரும்பித் தின்னும் என்பது மட்டும் விலங்கியலுக்கும் உடன்பாடான உண்மை.

உண்பவன் போனால் பழம் என்ன ஆகும்?

யானை அழிந்துவிட்டால் மறுநாளே காடு அழிந்துவிடுமா என்று நண்பர் ஒருவர் விடுதியில் கேட்டார். அழியாது. அதுதான் ஆபத்து. இதற்குச் சான்று நம் கல்லூரிகளிலும் சாலை ஓரங்களிலும் நிற்கிற தூங்குமூஞ்சி மரம்.

மாலையானால் இலையை மூடிக்கொள்வதால் நாம் அதற்கு இப்பெயரிட்டோம். அதன் சொந்த நாடு நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் ஆகும். கருத்த, பிசுபிசுப்பான, இனிய நெற்று. அங்குள்ள காட்டு விலங்குகளில் அதைத் தக்கபடி தின்று விதையைப் பரப்புவன மிகக் குறைவு. மரத்தடியிலேயே குவிந்து மட்கும். பிறகு யாருக்காக அந்த மரம் ஆண்டுதோறும் இவ்வளவு இனிப்பைச் செய்கிறது? மேலே சொன்ன ஜான்சனும், பால் மார்ட்டின் என்ற தொல்லுயிர் அறிஞரும் 1982-இல் ‘சயன்ஸ்’ இதழில் இதற்கு விடை கூறினர். ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை அக்கண்டத்தில் யானைக்கு உறவான கோம்போதீர் என்னும் பெருவிலங்கும், நிலத்தில் நடமாடிய ராட்சத ஸ்லாத்துகளும், குதிரைகளும் இருந்தன. அவை அழிந்தன. பழம் மட்டும் இன்னும் அவற்றுக்காகக் காத்திருக்கிறது! பின்னாளில் ஸ்பானியர் கொண்டுவந்த மாடும் குதிரையும் அந்தப் பழைய வேலையை ஓரளவு ஏற்றுக்கொண்டன என்பது அவர்கள் முடிவு. நம் ஊர் மாடு தூங்குமூஞ்சிக் காயை மென்றுகொண்டு நிற்பதை இனிப் பார்க்கும்போது, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் காலியான ஓர் இடத்தில் அது நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு இதைப் படித்த அன்று இரவு உறக்கம் வரவில்லை.

மரத்தின் ஆயுள் நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு. பரப்பும் விலங்கு இன்று மறைந்தாலும் மரம் நிற்கும், பூக்கும், காய்க்கும். செயற்கைக்கோள் படத்தில் காடு பச்சையாகவே தெரியும். உள்ளே அடுத்த தலைமுறை மட்டும் குறைந்துகொண்டே போகும். கணக்கெடுப்பவன் மரத்தை எண்ணுவானே அல்லாமல், முளைக்காமற்போன கன்றை எப்படி எண்ணுவான்?

ஆசிய யானை உலகப் பட்டியலில் அழியும் நிலையிலுள்ள இனமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் மரபணு முறையில் முதன்முறையாக எடுத்து 2025-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நம் நாட்டு யானைகள் சுமார் 22,446. அவற்றுள் பாதிக்கும் மேல் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தவை. எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி கொள்ளலாகாது என்பதற்கு மேகமலையை ஒட்டிய பெரியாறே சான்று. ஆசிய யானைகளில் தந்தம் ஆணுக்கு மட்டுமே. (தந்தமில்லாத ஆணும் உண்டு, அதை மக்னா என்பர்.) ஆகவே தந்தத் திருடன் ஆணை மட்டுமே தேடிக் கொல்கிறான். 1970-களிலும் 80-களிலும் பெரியாற்றுக் காட்டில் இது எவ்வளவு நடந்ததென்றால், வளர்ந்த பெண் யானைகள் நூற்றுக்கு ஓர் ஆண் என்ற அளவுக்கு விகிதம் வீழ்ந்துவிட்டது. மந்தை மந்தையாக யானை தெரியும். ஆனால் கன்றுகள் குறைவு. கர்ப்ப காலமே 22 மாதம் ஆகும் விலங்கு அது. நூறு வெள்ளாட்டுக்கு ஒரு கிடாய் போதும், யானைக்குப் போதாதா என்று எங்கள் அப்பா கேட்டார். ஆடு பட்டிக்குள் அடைந்து கிடக்கிறது. பருவம் வந்த யானைகள் பரந்த காட்டில் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மிஞ்சிய ஒன்றிரண்டு ஆண்களின் வழியே மட்டும் மரபு தொடர்ந்தால் அடுத்த தலைமுறை நெருங்கிய உறவாகவும் ஆகிவிடும். இந்தியாவில் தந்த வாணிபம் 1986-இல் தடை செய்யப்பட்டது. 1992-இல் யானைத் திட்டம் வந்தது. அதன் பிறகே மூச்சு விட முடிந்தது.

மற்றப் பெருவிலங்குகளைச் சுருக்கமாகக் காண்போம். புலியின் வேலை வேறு. ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் ஐம்பது மான், பன்றி போன்ற இரைவிலங்குகளைக் கொல்கிறது. அதனால் குளம்பினம் ஒரே இடத்தில் தங்கி அங்குள்ள கன்றையெல்லாம் மொட்டையாக்குவது தடைப்படுகிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழகத்தில் புலிகள் 306, 2006-இல் 76. இது பெருமைப்படத்தக்க செய்தியே. வரையாடு நம் மாநில விலங்கு. வருடை என்று சங்க நூல்கள் அறிந்த விலங்கும் அதுவே. மலையுச்சிப் புல்வெளிகளில் மட்டும் வாழும் அதற்கெனத் தமிழக அரசு 2022 இறுதியில் தனித் திட்டமே வகுத்தது. 2025-இல் எடுத்த கணக்கில் தமிழகத்தில் 1,303 வரையாடுகள்.

காட்டுமாட்டைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. வளர்ந்த காளை ஒரு டன் எடைகூட இருக்கும்; சிறுமலையிலும் உண்டு. அவ்வளவு பெரிய விலங்கை 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தது ஒரு கிருமி. நம் கிராமத்து முதியோர் இன்றும் அஞ்சிச் சொல்லும் வெக்கை நோய்தான் அது. ஊர் மாட்டிலிருந்து காட்டுக்குள் போன நோய். தடுப்பூசியால் அந்நோய் 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது. நாட்டு மாட்டுக்குப் போட்ட ஊசி காட்டு மாட்டையும் காத்தது. ஊர் வேறு, காடு வேறு என்று கோடு கிழிக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

வைகையும் அரிக்கொம்பனும்

சமவெளியில் இருக்கும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். வைகை பிறப்பது இந்த மேகமலை, வருசநாட்டு மலைகளில்தான். 1959-இல் கட்டிய வைகை அணையில் தேங்கும் நீர் மதுரையின் குடிநீர். அதற்கு அரணாக 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் சுரங்கத்தின் வழியே இங்கு வருகிறது. தேக்கடி ஏரிக்கரையில் யானை குடித்த மிச்சத்தைத்தான் நாம் குடிக்கிறோம் என்று சொன்னால் அது மிகையாகாது. கோடையில் வைகை மணலில் நம் பெண்கள் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்ததை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். யானையும் அதையே செய்கிறது. வற்றிய ஓடையின் மணலைக் காலாலும் துதிக்கையாலும் தோண்டி நீர் காணும். அது போன பிறகு அந்தக் குழியில் மானும் மற்றவையும் வந்து நீர் குடிக்கும். யானை ஒடித்துப் போட்ட உயரக் கிளையின் தழையைப் புள்ளிமான் தின்னும். அது மிதித்துப் போட்ட தடத்தைப் பல விலங்குகள் பாதையாகக் கொள்ளும்.

அந்தத் தடம் மறிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தேனி மாவட்டம் 2023-இல் கண்டது. கேரளத்தின் சின்னக்கானலில், தேயிலைத் தோட்டங்களும் குடியிருப்புகளும் நெருங்கிவிட்ட இடத்தில் வளர்ந்த ஓர் ஆண் யானை, ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று பழகியது. அரிக்கொம்பன் என்று அதற்குப் பெயர். ஏப்ரல் மாதம் பிடித்துக் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிப் பெரியாற்றுக் காட்டில் விட்டனர். அது மேகமலைக்கு வந்தது. மே 27-ஆம் நாள் கம்பம் நகரின் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5-ஆம் நாள் மறுபடி மயக்க ஊசி போட்டுக் களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு சென்றனர். பயிரில் இறங்குவது பெரும்பாலும் ஆண் யானைகளே என்பதை ராமன் சுகுமார் என்னும் நம் நாட்டு அறிஞர் சத்தியமங்கலம் பக்கத்துக் காடுகளில் செய்த ஆய்வில் முன்னரே காட்டியிருக்கிறார். வயலில் குறைந்த நேரத்தில் சத்துள்ள உணவு கிடைக்கிறது. நன்றாகத் தின்று வலுத்த ஆணே துணை தேடும் போட்டியில் வெல்லும். ஆகவே அது துணிகிறது. எந்த ஆணின் குறைவைப் பற்றி மேலே வருந்தினோமோ, அதே ஆண்தான் தென்னையைச் சாய்க்கிறது. இந்த முடிச்சை யாரும் எளிதாக அவிழ்த்துவிட முடியாது.

எங்கள் வீட்டிலும் அந்த முடிச்சு உண்டு. மேகமலையில் மாடு மேய்ப்பதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எங்கும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. என் மாமாவின் மலைமாடுகள் மேய்ந்தது காப்பகத்துக்குள்.

“மாப்ளே, புலிக்குப் பட்டா குடுத்துட்டாங்க. என் பாட்டன் மேச்ச காட்டுல எனக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. நீ அதத்தான காலேஜுல படிக்கிற?” என்று அவர் கேட்டபோது என்னால் உடனே பேச முடியவில்லை.

நான் படித்தவை அனைத்தும் தடையின் பக்கமே நிற்கின்றன. பெருமந்தையாக மாடு நுழைந்தால் மிளாவுக்கும் காட்டுமாட்டுக்கும் புல் மிஞ்சாது. மாடு தின்னாத உண்ணிச்செடி அந்த வெற்றிடத்தில் பரவுகிறது. அது பரவிய இடத்தில் யானைக்கும் மேய்ச்சல் இல்லை. நோய்க்கு வெக்கை ஒன்றே போதிய சான்று. ஆயினும் மாமாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஊர் மேய்ச்சல் புறம்போக்குகள் எல்லாம் இருந்த இடம் தெரியாமல் போன பிறகுதான் மாடு முழுக்க முழுக்க மலையை நம்பியது. மேட்டில் தடை போடுகிறவர்கள் கீழே மேய்ச்சல் நிலத்துக்கு வழி சொல்ல வேண்டாமா? வெளி மந்தைகளை லாரியில் ஏற்றிக் கொணர்ந்து காட்டில் விடும் பெரிய மாட்டுக்காரனையும், பத்து மாடு வைத்திருப்பவனையும் ஒரே தராசில் நிறுப்பது முறையா? அடிவார ஊர்களில் தரிசாய்க் கிடக்கும் பொது நிலங்களில் முள்ளை வெட்டிக் கொழுக்கட்டைப் புல்லும் வேலிமசாலும் வளர்த்து, மேய்ச்சல் இழந்தவர்களுக்கு அவற்றை முறைப்படி ஒதுக்கலாம் என்பது என் கருத்து. இதனை எங்கள் துறையில் சொன்னபோது, வனத்தை முழுதாகப் பூட்டிவிட வேண்டும் என்று சில நண்பர்கள் வாதிட்டார்கள். அவர்கள் வீட்டில் மாடு இல்லை.

மாமா பாதி மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டார். மிஞ்சியவை இப்போது எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் சீமைக் கருவேலங் காய் தின்று கொண்டிருக்கின்றன. அவை சாணம் போடும் இடமெல்லாம் அடுத்த மழைக்கு என்ன முளைக்கும் என்று அப்பாவைக் கேட்டால் சொல்வார்.